ரிசர்வ் படையிலிருந்து முழுநேர விமானக் குழுப் பணிக்கு: கனடாவில் எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

கனடிய ஆயுதப்படையின் ரிசர்வ் பிரிவில் வாரத்துக்கு ஒரு மாலையும் மாதத்துக்கு ஒரு வார இறுதியும் கடமையாற்றிக்கொண்டு, மற்ற நாட்களில் படிப்பையோ வேறொரு வேலையையோ பார்த்துவரும் ஒருவருக்கு, சில ஆண்டுகளில் இதையே முழுநேர வாழ்க்கையாக்கிக்கொள்ளலாமா என்ற கேள்வி எழுவது இயல்பு. அதனோடு சேர்ந்தே இன்னொரு கேள்வியும் எழுவதுண்டு. காலாட்படையிலோ சமிக்ஞைப் பிரிவிலோ கற்றதைத் தொடராமல், வானில் பறந்து செய்யும் தொழில் ஒன்றுக்கு மாறிவிட முடியுமா என்பது அது. ரொறன்ரோவின் டெனிசன் ஆர்மரியிலும் மொஸ் பார்க் ஆர்மரியிலும் அணிவகுத்துப் பழகிய தமிழ்ப் பிள்ளைகளையும், அவர்கள் எங்கே போகப்போகிறார்கள் என்று கவலைப்படும் பெற்றோரையும் மனதில் வைத்து, இருக்கும் வழிகளை இங்கே ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

இந்த முடிவைப் பலரும் வேலையின் கவர்ச்சியைப் பார்த்தே எடுக்கிறார்கள். கம்பியில் தொங்கியபடி கடலில் இறங்கும் மீட்புப் பணியாளரின் படமோ, விமானியின் மார்பில் இருக்கும் சிறகுச் சின்னமோ போதுமானதாகிவிடுகிறது. என் கருத்தில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. விமானக் குழுவில் ஓர் இருக்கை என்பது எப்போதும் குறிப்பிட்ட ஒரு விமான வகையில் உள்ள இருக்கை; அந்த விமானம் ஓய்வுபெறும்போது அதற்குப் பதிலாக வரும் விமானத்தில் அதே இருக்கை இருக்குமா என்பது முதலாவது. அந்த விமானம் நிற்கும் தளம் எந்த ஊரில் இருக்கிறது, அந்த ஊரில் பத்து, பதினைந்து ஆண்டுகள் குடும்பத்தோடு வாழ முடியுமா என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகு வேலையின் தன்மையைப் பார்த்தால் தெரிவு மிகவும் தெளிவாகிவிடும்.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிட வேண்டும். ரிசர்விலிருந்து நிரந்தரப் படைக்குப் போவதைப் படையினர் கொம்போனன்ட் ட்ரான்ஸ்ஃபர் என்கிறார்கள். ஒரு தொழிற்பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது தனியான விடயம். காலாட்படை ரிசர்வ் கோப்ரல் ஒருவர் விமானக் குழுவுக்குப் போக விரும்பினால் இந்த இரண்டு மாற்றங்களும் அவருக்குத் தேவைப்படுகின்றன. அவற்றை ஒரே விண்ணப்பத்தில் ஒன்றாகக் கேட்கலாம். அல்லது தன்னுடைய தற்போதைய பிரிவிலேயே நிரந்தரப் படைக்குள் நுழைந்து, சில ஆண்டுகள் கழித்து உள்ளிருந்தபடியே தொழிற்பிரிவு மாற்றம் கேட்கலாம். இரண்டாவது வழியில், முதல் படி எளிதாகத் தாண்டப்பட்டாலும் அடுத்த படி யாருக்கும் உறுதியளிக்கப்படுவதில்லை. அவருடைய தற்போதைய பிரிவில் ஆட்பற்றாக்குறை இருந்தால் அவரை விட்டுக்கொடுக்கத் தயங்குவார்கள். ஆகவே பறப்பதுதான் நோக்கமென்றால், அந்தத் தொழிற்பிரிவு நேரடியாக ஆள் எடுக்கும் காலத்தில் நேரடியாகவே அதைக் கேட்பது நல்லது. ஆனால் எல்லா விமானக் குழுப் பிரிவுகளும் வெளியிலிருந்து ஆள் எடுப்பதில்லை என்பதுதான் இந்த ஒப்பீட்டின் முடிச்சே.

வெளியிலிருந்து வருபவருக்கும் திறந்திருக்கும் முக்கியமான பிரிவு, வான்வழி மின்னணு சென்சார் இயக்குநர் என்ற தொழில். படையினர் இதைச் சுருக்கமாக ஏஈஎஸ் ஒப் என்கிறார்கள். கடல் ரோந்து விமானத்திலும் கப்பலிலிருந்து பறக்கும் ஹெலிகொப்டரிலும் ராடார், அகச்சிவப்புக் கமரா, மின்னணு சமிக்ஞைகளைப் பிடிக்கும் கருவி, நீரடி ஒலிகளைக் கேட்கும் கருவி ஆகியவற்றை இயக்குவது இவர்களுடைய வேலை. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் பறப்பு ஒன்றில், விமானத்திலிருந்து சோனோபோய் எனப்படும் உருளை வடிவக் கருவிகள் வரிசையாகக் கடலில் போடப்படுகின்றன. அவை மிதந்தபடி, ஒலிவாங்கியைக் கம்பியில் ஆழத்துக்கு இறக்கி, கேட்பதை வானொலி வழியாக மேலே அனுப்புகின்றன. இயக்குநரின் திரையில் அது ஒலியாக மட்டுமல்லாமல், மேலிருந்து கீழே மெதுவாக நகரும் மங்கிய கோடுகளாகவும் தெரிகிறது. ஒரு கோடு மீன்பிடிப் படகின் இயந்திரம், ஒன்று மழை, ஒன்று திமிங்கிலம். அவற்றுக்கிடையே மாறாத ஒரே அதிர்வெண்ணில் நிற்கும் மெல்லிய கோடு ஒன்று நீர்மூழ்கியின் ஜெனரேட்டராக இருக்கலாம். மணிக்கணக்காக அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்து, சந்தேகம் வரும் கணத்தில் தயங்காமல் இன்டர்கொமில் சொல்லக்கூடியவரே இந்த வேலைக்கு ஏற்றவர். சமிக்ஞைப் பிரிவிலிருந்தோ உளவுப் பிரிவிலிருந்தோ வரும் ரிசர்வ் படையினருக்கு இந்தப் பொறுமை ஓரளவு ஏற்கனவே பழகியிருக்கும்.

பயிற்சி வின்னிபெக்கில் தொடங்குகிறது. அங்குள்ள 402ஆம் ஸ்குவாட்ரன், டாஷ் 8 பயணிகள் விமானத்தின் மூக்கை நீட்டி ராடார் பொருத்திய சீடி-142 என்ற விமானத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்தி வந்திருக்கிறது. அந்த விசித்திரமான மூக்கினால் அதற்கு கொன்சோ என்று செல்லப்பெயர். பெரும்பாலானோர் எதிர்பாராத சோதனை இங்கேதான் வருகிறது. விமானம் தாழப் பறந்து திரும்பித் திரும்பி வளையும்போது, அடிவானத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு வயிறு குமட்டும். இது பயிற்சியால் பெரும்பாலும் சரியாகிவிடும்; சிலருக்குச் சரியாவதில்லை. உயிர்பிழைத்தல் பயிற்சிகளும் உண்டு. ஹெலிகொப்டருக்குப் போகிறவர்கள் நீச்சல்குளத்தில் இறக்கப்படும் ஒரு கூண்டுக்குள் வாரால் கட்டப்பட்டு உட்கார வேண்டும். கூண்டு நீரில் மூழ்கித் தலைகீழாகப் புரளும். அசைவு நிற்கும்வரை காத்திருந்து, ஒரு கையால் பக்கத்திலுள்ள நிலையான பிடியை விடாமல், மறு கையால் ஜன்னலைத் தள்ளித் திறந்து, பிறகு வாரை அவிழ்த்து வெளியேற வேண்டும். வாரை முதலில் அவிழ்த்தவருக்கு எது மேல், எது கீழ் என்பதே தெரியாமல் போய்விடும். நீச்சல் தெரியாமல் வளர்ந்த பிள்ளைகள் நம்மிடையே ஏராளம். இந்தத் துறையை நினைப்பவர் விண்ணப்பத்துக்கு முன்பே ஊர்க் குளத்தில் சேர்ந்து நீந்தப் பழகிக்கொள்வது அவசியம்.

வின்னிபெக்குக்குப் பிறகு, ரோந்து விமானத்துக்குப் போகிறவர் நோவா ஸ்கோஷியாவின் கிரீன்வுட்டில் உள்ள 404ஆம் ஸ்குவாட்ரனிலும், சைக்ளோன் ஹெலிகொப்டருக்குப் போகிறவர் அதே மாகாணத்தின் ஷியர்வாட்டரில் உள்ள 406ஆம் ஸ்குவாட்ரனிலும் பயில்கிறார்கள். இரண்டும் ஒரே தொழிற்பிரிவு என்றாலும் வாழ்க்கை முறை வேறு. ரோந்து விமானக் குழு ஜப்பானிலோ மத்திய கிழக்கிலோ சில வாரங்கள் தங்கிப் பறந்துவிட்டுத் திரும்பும். சைக்ளோன் குழு போர்க்கப்பலோடு சேர்ந்தே மாதக்கணக்கில் கடலில் இருக்கும். ஆபத்தையும் மறைக்கக்கூடாது. 2020 ஏப்ரல் 29 அன்று கிரேக்கத்துக்கு அருகே அயோனியன் கடலில், ஃப்ரெடெரிக்டன் என்ற போர்க்கப்பலின் சைக்ளோன் ஹெலிகொப்டர் விழுந்து ஆறு கனடியப் படையினர் உயிரிழந்தனர். பிள்ளை இந்தத் துறையைத் தெரிவு செய்யும் வீட்டில், பெற்றோரிடம் இதையும் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது.

இந்தப் பிரிவை நான் முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம் வரப்போகும் விமானங்கள். 1980 முதல் பறந்துவரும் அரோரா கடல் ரோந்து விமானங்களுக்குப் பதிலாக 14 பி-8ஏ பொசைடன் விமானங்களை வாங்கப்போவதாகக் கனடா 2023 நவம்பரில் அறிவித்தது. மேலும் இரண்டை வாங்கும் உரிமையும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. அடுத்த மாதமே, 2023 டிசம்பரில், தொலைவிலிருந்து இயக்கப்படும் எம்கியூ-9பி ஸ்கைகார்டியன் வானூர்திகள் 11 வாங்கப்படும் என்ற அறிவிப்பும் வந்தது. அவற்றின் கட்டுப்பாட்டு மையம் ஒட்டாவாவில் அமையவிருக்கிறது. தேடல் மீட்புக்காக வாங்கப்பட்ட 16 கிங்ஃபிஷர் விமானங்களிலும் ராடாரும் கமராவும் உண்டு. பழைய விமானம் போகிறது, ஆனால் அதற்குப் பதிலாக வரும் ஒவ்வொன்றிலும் சென்சாரைப் பார்க்கும் ஒருவருக்கு வேலை இருக்கிறது. இருபது வயதுகளில் நுழையும் ஒருவருக்கு 25 ஆண்டுச் சேவைக் காலம் முழுவதும் தொழில் நிலைக்கும் வாய்ப்பு இங்கே தெளிவாகத் தெரிகிறது.

இதற்கு நேர் எதிரான பாடத்தை ஃபிளைட் எஞ்சினியர் பிரிவு கற்றுத்தருகிறது. விமானம் பறக்கும்போது இயந்திரங்கள், எரிபொருள், மின்சாரம், ஹைட்ரோலிக் அழுத்தம் ஆகியவற்றைக் கண்காணித்து, கோளாறு நேர்ந்தால் விமானிக்கு வழிகாட்டுபவர் இவர். மதிப்பு மிக்க பணி. இந்த இருக்கையில் அமர்ந்தவர்கள் விமானத்தை உள்ளும் புறமும் அறிந்தவர்கள். ஆனால் புதிய விமானங்களின் கணினிகள் அந்தக் கண்காணிப்பைத் தாமே செய்கின்றன. பழைய ஹெர்குலிஸ் எச் வகையில் இரண்டு விமானிகளுக்குப் பின்னால் ஃபிளைட் எஞ்சினியருக்கு ஓர் இருக்கை இருந்தது. 2010ஆம் ஆண்டிலிருந்து வந்த 17 ஹெர்குலிஸ் ஜே விமானங்களில் அந்த இருக்கையே கிடையாது; இரண்டு விமானிகளும், சரக்குக்குப் பொறுப்பான லோட்மாஸ்டரும் போதும். பறக்கும் வழியைக் கணிக்கும் நாவிகேட்டரின் இருக்கையும் அதோடு போயிற்று. அரோராவில் இன்றும் ஃபிளைட் எஞ்சினியர் உண்டு, பொசைடனில் இல்லை. நிலையான இறக்கையுள்ள விமானங்களில் இந்தப் பணி சுருங்கிக்கொண்டே வருவதை ஒரு தலைமுறைக்குள் பார்த்துவிட்டோம்.

அதனால் இந்தப் பிரிவு முடிந்துபோனது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ஹெலிகொப்டர்களில் கதை வேறு. கொமொக்ஸ், கிரீன்வுட், காண்டர் தளங்களிலிருந்து பறக்கும் கோமொரன்ட் மீட்பு ஹெலிகொப்டரில் கம்பியை இறக்கி ஏற்றும் ஹொய்ஸ்டை இயக்குபவர் ஃபிளைட் எஞ்சினியர்தான். புயலில் ஆடும் படகின் தளத்தை நோக்கி மீட்புப் பணியாளர் இறங்கும்போது, விமானிக்குத் தன் கீழே இருப்பது தெரியாது. திறந்த கதவில் மண்டியிட்டுக் கீழே பார்த்தபடி, முன்னே இரண்டடி, வலப்பக்கம் ஓரடி என்று சொல்லிக்கொண்டே இருப்பவர் இவர். பெட்டவாவாவில் உள்ள சினூக் ஹெலிகொப்டர்களிலும் இவர்களுக்கு இடமுண்டு. ஒரு கணினி இந்த வேலையை நெருங்கிய காலத்தில் எடுத்துக்கொள்ளும் என்று நான் நினைக்கவில்லை.

ரிசர்விலிருந்து வருபவருக்கு இங்குள்ள உண்மையான தடை வேறு. இது நேரடியாக நுழையும் பிரிவல்ல. முதலில் விமானத் தொழில்நுட்பப் பணியாளராக நிரந்தரப் படையில் சேர வேண்டும். போர்டனில் உள்ள பயிற்சிப் பள்ளியில் படித்து, ஒரு ஸ்குவாட்ரனின் ஹங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், சில ஆண்டுகள் ஸ்பனரோடு நின்று, செய்த வேலைக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடும் தகுதி பெற்று, அதன் பிறகே தெரிவுக்கு விண்ணப்பிக்க முடியும். முதல் பறப்புக்கு முன் பல ஆண்டுகள் நிலத்தில்தான். குளிரில் விறைத்த விரல்களோடு இயந்திரம் பழுதுபார்ப்பதையே விரும்பக்கூடியவருக்கு இது பொன்னான வழி. அவர் ஒருவேளை விமானக் குழுவுக்குத் தெரிவாகாவிட்டாலும், வெளியில் மதிக்கப்படும் ஒரு கைத்தொழில் அவரிடம் இருக்கும். பறப்பது மட்டுமே இலக்காக இருப்பவர், இதை ஒரு குறுக்கு வழி என்று நினைத்து வந்தால் ஹங்கரிலேயே மனம் சலித்துப்போவார்.

லோட்மாஸ்டர் பணி ரொறன்ரோக்காரர்களுக்கு ஒரு தனிக் காரணத்தால் கவர்ச்சியானது. ஹெர்குலிஸ் ஜே, குளோப்மாஸ்டர் ஆகிய பெரிய போக்குவரத்து விமானங்களின் தளம் ட்ரென்டன். ஸ்காபரோவிலிருந்து 401ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பொதுவாக ட்ராஃபிக் டெக் எனப்படும் சரக்கு, பயணிகள் கையாளும் பிரிவில் சேர்ந்து, அனுபவம் பெற்ற பிறகு ட்ரென்டனில் உள்ள 426ஆம் பயிற்சி ஸ்குவாட்ரனில் லோட்மாஸ்டர் பயிற்சிக்குத் தெரிவாகிறார்கள். சரக்கின் எடையையும் அது வைக்கப்படும் இடத்தையும் கணக்கிட்டு விமானத்தின் ஈர்ப்பு மையம் எல்லைக்குள் இருப்பதை உறுதி செய்வது இவர்களுடைய பொறுப்பு. ஹெர்குலிஸ் ஜே வந்தபோது நாவிகேட்டரும் எஞ்சினியரும் போனாலும் லோட்மாஸ்டர் தங்கினார் என்பதைக் கவனிக்க வேண்டும். போக்குவரத்துப் பிரிவில் ரிசர்வ் சேவை செய்தவருக்கு இது பொருத்தமான தொடர்ச்சி. ஆனால் எஞ்சினியரைப் போலவே இங்கும் பறப்பது இரண்டாம் படிதான். முதல் படியோடு நின்றுவிடுபவர்களும் உண்டு.

சார் டெக் எனப்படும் தேடல் மீட்புத் தொழில்நுட்பப் பணியாளர் பிரிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனெனில் இதற்கு ஏற்றவர்கள் தாங்களாகவே அதைத் தேடிப் போவார்கள். ஏற்கனவே சேவையில் இருப்பவர்களிலிருந்து ஆள் எடுப்பதே இதன் மரபு; ரிசர்வ் படையினரும் விண்ணப்பிக்கலாம். அல்பேர்ட்டாவின் ஜார்விஸ் ஏரியில் முன்தெரிவு, பிறகு கொமொக்ஸில் உள்ள பள்ளியில் ஏறத்தாழ ஓராண்டுப் பயிற்சி. பரசூட்டில் குதித்தல், மலையேற்றம், சுழியோடுதல், அவசர மருத்துவம் அனைத்தும் அதில் அடங்கும். இடங்கள் மிகக் குறைவு. விமானம் மாறினாலும் இந்தப் பணி மாறாது என்பது இதன் பெரும் பலம். முழங்காலும் முதுகும் நாற்பது வயதில் என்ன நிலையில் இருக்கும் என்பது இதன் பெரும் கேள்வி.

அதிகாரி நிலையில் இரண்டு வழிகள் உண்டு: விமானி, வான் போர் ஒருங்கமைப்பு அதிகாரி. பல்கலைக்கழகப் பட்டம் இருப்பவர், அல்லது படித்துக்கொண்டிருப்பவர் இவற்றைப் பார்க்கலாம். விமானிக்கான உளத்திறன், கைத்திறன் தேர்வுகள் ட்ரென்டனில் உள்ள விமானக் குழுத் தெரிவு நிலையத்தில் நடத்தப்படுகின்றன. நம் வீடுகளில் விமானி என்ற சொல்லுக்கு இருக்கும் மதிப்பால் மற்ற வழிகளைப் பாராமலே இதைக் கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்வேன். விமானிப் பயிற்சி இப்போது பெரும் மாற்றத்தின் நடுவே இருக்கிறது. ஹோக் பயிற்சி ஜெட்கள் 2024இல் ஓய்வுபெற்றன. அதே ஆண்டில் ஸ்கையலைன் என்ற கூட்டு நிறுவனத்தோடு 25 ஆண்டுகளுக்கு, ஏறத்தாழ 11.2 பில்லியன் டொலருக்குப் புதிய விமானக் குழுப் பயிற்சி ஒப்பந்தம் கையெழுத்தானது. பழைய அமைப்பு முடிந்து புதியது நிலைகொள்ளும்வரை, ஒரு பாடநெறிக்கும் அடுத்ததுக்கும் இடையே காத்திருப்பு நீள்வதை எதிர்பார்த்தே போக வேண்டும். சிறகு பெற்ற பிறகு பல ஆண்டுகள் கட்டாயமாகச் சேவையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. வான் போர் ஒருங்கமைப்பு அதிகாரி வின்னிபெக்கில் பயின்று, ஏஈஎஸ் ஒப் இருக்கும் அதே விமானத்தில், அவர்கள் சொல்வதையெல்லாம் ஒன்றிணைத்துத் தேடலை நடத்துகிறார். பட்டம் உள்ள ஒருவர் கடல் ரோந்துப் பணியை விரும்பினால், சென்சார் இயக்குநராகப் போவதா இந்த அதிகாரியாகப் போவதா என்று யோசிப்பதே பொருளுள்ள ஒப்பீடு. கருவியில் ஆழ்ந்த தேர்ச்சி வேண்டுமென்பவருக்கு முன்னது, ஆட்களையும் தகவலையும் நடத்த விரும்புபவருக்குப் பின்னது.

இனி ஊரைப் பற்றி. ரிசர்வ் வாழ்க்கையின் மிகப் பெரிய வசதி, தான் விரும்பிய நகரத்தில் இருப்பது. நிரந்தரப் படையில் சேரும் நாளில் அந்த உரிமை கையைவிட்டுப் போகிறது. கிரீன்வுட் ஆப்பிள் தோட்டங்கள் சூழ்ந்த அனாபொலிஸ் பள்ளத்தாக்கில் உள்ள சிறிய இடம். கொமொக்ஸ் வன்கூவர் தீவில். இரண்டும் அழகான ஊர்கள். ஆனால் ரொறன்ரோவில் வங்கியிலோ மருத்துவமனையிலோ வேலை பார்க்கும் கணவருக்கோ மனைவிக்கோ அங்கே அதே தரத்தில் வேலை கிடைக்குமா, அம்மா அப்பாவுக்கு உடம்பு சரியில்லையென்றால் எத்தனை மணி நேரத்தில் வர முடியும், பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு எங்கே அனுப்புவது என்பவை சிறிய கேள்விகளாகத் தோன்றினாலும், நான்கைந்து ஆண்டுகளில் படையை விட்டு விலகச் செய்யும் கேள்விகள் இவையே. ஏஈஎஸ் ஒப் பிரிவின் மிகப் பெரிய குறை இதுதான். அதன் இருக்கைகளில் பெரும்பாலானவை இரண்டு கடற்கரைகளிலும் இருக்கின்றன. ஒட்டாவா மையம் இயங்கத் தொடங்கும்போது இது ஓரளவு மாறலாம். ரொறன்ரோவை விட்டு வெகுதூரம் போகவே முடியாத குடும்பச் சூழல் உள்ளவர் ட்ரென்டனை மையமாகக் கொண்ட ட்ராஃபிக் டெக் வழியைப் பார்ப்பது நடைமுறைக்கு உகந்தது.

பணத்தைப் பொறுத்தவரை, முழுநேரம் என்றாலே வருமானம் கூடும் என்பதால் ஒப்பீடு எளிது. 2025 ஓகஸ்டில் அறிவிக்கப்பட்ட ஊதிய உயர்வில், நிரந்தரப் படையின் தொடக்கநிலைச் சிப்பாய்களுக்கு 20 சதவீதமும் ரிசர்வ் சிப்பாய்களுக்கு 13 சதவீதமும் கிடைத்தன. இரண்டுக்கும் இடையிலான இடைவெளி அந்த நிலையில் விரிந்திருக்கிறது. பறக்கும் பணிக்கான படித்தொகை தனி. கவனிக்க வேண்டியது தரநிலை. ரிசர்வில் கோப்ரலாக இருப்பவர் புதிய தொழிற்பிரிவுக்கு மாறும்போது அதே தரத்தோடு போவார் என்று எண்ணிவிடக் கூடாது. முந்தைய பயிற்சியை எவ்வளவு ஏற்றுக்கொள்வது என்பதை முன்கற்றல் மதிப்பீடு என்ற ஆய்வு தீர்மானிக்கிறது. ஏ வகுப்பில் செய்த பகுதிநேரச் சேவையும், பி, சி வகுப்புகளில் செய்த முழுநேரச் சேவையும் ஒரே எடையில் கணக்கிடப்படுவதில்லை. ஆகவே சேர்க்கைக் கடிதத்தில் தரம், ஊதியப் படிநிலை, சேவை தொடங்கும் திகதி ஆகிய மூன்றையும் எழுத்தில் பார்க்காமல் சம்மதம் சொல்லக்கூடாது. வாய்வழியாகச் சொல்லப்பட்ட எதையும் நம்பி இருக்கும் வேலையை விட வேண்டாம்.

ஓய்வூதியத்தில் 25 ஆண்டுகள், படையின் கணக்கில் 9,131 நாட்கள், முடித்தவருக்கு உடனடி ஓய்வூதியம் உண்டு. 2007 மார்ச் 1 முதல் ரிசர்வ் படையினருக்கும் தனி ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. முந்தைய ரிசர்வ் சேவையைப் பணம் கட்டி இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பு உள்ளது. சம்பளம் குறைவாக இருக்கும் தொடக்க நாட்களிலேயே அதைப் பற்றி விசாரித்து முடிவெடுப்பது நல்லது. இளம் வயதில் யாரும் இதைக் கேட்பதில்லை.

மருத்துவப் பரிசோதனை எல்லா வழிகளுக்கும் பொதுவான வாசல். தரைப்படைக்குத் தகுதி பெற்றிருப்பது விமானக் குழுவுக்குத் தகுதி பெற்றதாகாது. பார்வை, நிறப்பார்வை, செவித்திறன் ஆகியவற்றுக்குத் தனி அளவுகோல்கள் உண்டு, வான்பணிக்கென்றே ஒரு தகுதிக் குறியீடும் உண்டு. காலாட்படை ரிசர்விலிருந்து வருபவர்கள் செவியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டும். சூட்டுப் பயிற்சிக் களத்தில் காதுக் காப்பை ஒழுங்காக அணியாததன் விளைவு ஓடியோகிராம் எனப்படும் செவிப் பரிசோதனை வரைபடத்தில் உயர் அதிர்வெண் பகுதியில் ஒரு பள்ளமாகத் தெரியும், நீரடி ஒலியைக் கேட்கும் பணிக்கு அது நேரடியான பாதகம். உடற்தகுதித் தேர்வு இதற்கு ஒப்பிடுகையில் எளிது. 20 கிலோ மணல்மூட்டையை மூன்றரை நிமிடங்களுக்குள் 30 முறை தூக்குவது உட்பட நான்கு பகுதிகள் கொண்ட அந்தத் தேர்வை ஒவ்வோர் ஆண்டும் செய்துவருபவருக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை.

ரிசர்விலேயே இருந்துகொண்டு பி வகுப்பு ஒப்பந்தத்தில் முழுநேரமாக வேலை செய்வதையும் ஒரு தெரிவாகச் சிலர் சொல்கிறார்கள். ஊரை விட்டுப் போகாமல் முழுநேரப் படைவாழ்வைச் சில மாதங்கள் பழகிப்பார்க்க அது உதவும். பறக்கும் பணிக்கு அது வழியாகாது; ஒப்பந்தம் முடிந்தால் வேலையும் முடிந்தது. வான்படை ரிசர்வில் உள்ள விமானக் குழு இடங்கள் பெரும்பாலும் நிரந்தரப் படையில் பறந்து முடித்தவர்கள் அனுபவத்தோடு திரும்பி வருவதற்கான இடங்கள். புதியவர் அவற்றைத் தொடக்கமாக எண்ணக்கூடாது.

ஆகவே, இருபது வயதுகளின் நடுப்பகுதியில், திருமணமாகாத, கருவிகளில் ஆர்வமுள்ள, கடற்கரை மாகாணம் ஒன்றில் வாழத் தயங்காத ஒருவர் என்னிடம் கேட்டால், ஏஈஎஸ் ஒப் பிரிவுக்கு நேரடி மாற்றம் கேட்கச் சொல்வேன். கைத்தொழிலில் நாட்டமுள்ளவரை விமானத் தொழில்நுட்பப் பிரிவில் சேர்ந்து, ஹெலிகொப்டரை மனதில் வைத்து, ஃபிளைட் எஞ்சினியர் வாய்ப்புக்குக் காத்திருக்கச் சொல்வேன். பட்டமும் பொறுமையும் உள்ளவர் விமானியாக முயலட்டும், ஆனால் இரண்டாவது விருப்பமாக வான் போர் ஒருங்கமைப்பு அதிகாரியையும் உண்மையாகவே விரும்பி எழுதட்டும். வீட்டில் சிறு பிள்ளைகளும் வயதான பெற்றோரும் இருப்பவர், இந்த ஆண்டே முடிவெடுக்க வேண்டியதில்லை. ரிசர்வ் சேவை அவருக்கு அந்த அவகாசத்தைத் தருகிறது.

மாற்ற விண்ணப்பம் மாதக்கணக்கில் நகரும், ஓராண்டைத் தாண்டுவதும் உண்டு. பாதுகாப்பு அனுமதி விசாரணை, குறிப்பாக வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கும் அங்கே நெருங்கிய உறவினர் உள்ளவர்களுக்கும், கூடுதல் காலம் எடுக்கலாம். வாழ்ந்த முகவரிகள், பயணத் திகதிகள், உறவினர் விபரங்கள் ஆகியவற்றை முன்கூட்டியே தொகுத்து வைத்திருப்பவருக்கு இந்தப் பகுதி சுலபமாகும். காத்திருக்கும் காலத்தில் வார மாலை அணிவகுப்புகளைத் தவறவிடாமல், ரிசர்வ் சேவையிலிருந்து விலகாமல் இருக்க வேண்டும். விலகியவர் மாற்றம் கேட்கும் உறுப்பினராக அல்லாமல், வெளியிலிருந்து புதிதாக விண்ணப்பிப்பவராகவே வரிசையில் நிற்க நேரிடும். படைப்பிரிவின் அலுவலக எழுத்தரிடம் கோப்பின் நிலையை மாதம் ஒரு முறை மரியாதையோடு கேட்டு, கேட்ட திகதியையும் கிடைத்த பதிலையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.